அட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரி எது?

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் வீடு. அங்கே நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. தாய் பெட்டியைத் திறக்கிறாள். துணிக்கு அடியில், ரேஷன் கார்டோடு சேர்த்து, பத்திரமாக ஒரு அட்டை இருக்கிறது. அரசாங்கம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை.

"ஏங்க, இந்த அட்டையை எடுத்துக்கிட்டுப் போவமா?"

"எடுத்துக்கிட்டு வா. பிறகு எதுக்கு அதை வச்சிருக்கோம்?"

இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போகிறார்கள். அங்கே சீட்டுப் போடும் பெண் அட்டையைப் பார்க்கிறாள். திருப்பிக் கொடுக்கிறாள்.

"அண்ணாச்சி, இது இங்கே செல்லாது. பீசு கட்டுங்க."

டாக்டருக்கு ஒரு தொகை. ஊசிக்கு ஒரு தொகை. மருந்துக் கடையில் ஒரு தொகை. அன்றைய கூலி அத்தனையும் போயிற்று. தறியை விட்டு வந்ததால் அன்றைக்குக் கூலியும் இல்லை!

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தாய் கேட்கிறாள்:

"செல்லாத அட்டையை எதுக்குக் கொடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. ஏழை வீட்டில் பிறக்கும் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கத்தின் கடமை. பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை.

அட்டை எதற்கு?

அட்டை செல்லாதது அல்ல. அது செல்லும் இடம் வேறு. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009-ம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கியது. அப்போது அதற்குக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர். 2012-ம் ஆண்டு ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று புதிதாக வந்தது. 2018-ம் ஆண்டு மத்திய அரசாங்கத்தின் திட்டமும் இதோடு சேர்ந்தது. அதன் பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்று ஆயிற்று.

முதலில் ஆண்டு வருமானம் 72 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்குத்தான் அட்டை. 2022-ல் அது 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என்று உயர்த்தப்பட்டது.

இந்தப் பணம் எதற்கு? நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்கிற பெரிய சிகிச்சைக்கு. இருதய ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிப்பு, இப்படிப்பட்ட குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு. குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும் உண்டு. அதுவும் திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும். தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் உண்டு.

காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவருக்கு இந்த அட்டையில் பணம் கிடையாது. சளிக்குக் கிடையாது. வயிற்றுப் போக்குக்குக் கிடையாது. ஆகவே தெருக் கோடி கிளினிக் அதை வாங்காததில் வியப்பு இல்லை. டாக்டர் மீதும் குற்றம் இல்லை.

இந்த ஒரு விஷயத்தை அட்டை கொடுக்கும்போதே நாலு வார்த்தையில் சொல்லியிருந்தால், அந்தத் தாய் அலைந்திருக்க வேண்டாம்.

காய்ச்சலுக்கு எந்தக் கதவு?

காய்ச்சலுக்கு ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறக்க அட்டையே வேண்டாம்!

அதுதான் ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளிப் பகுதியில் ஏறக்குறைய 30 ஆயிரம் மக்களுக்கு ஒன்று என்பது கணக்கு. அதற்கும் கீழே 5 ஆயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கரிவலம்வந்தநல்லூர் பக்கத்து விவசாயியும், குருவிகுளம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளியும், மேலநீலிதநல்லூர் பக்கத்து ஆடு மேய்ப்பவரும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். ஊருக்குள் இருப்பவர்களுக்கு சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. நகரங்களில் இருப்பவர்களுக்காக 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு முழுவதும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன.

அங்கே என்ன கிடைக்கும்?

காய்ச்சலுக்கு மருந்து கிடைக்கும். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவார்கள். கர்ப்பிணியைச் சோதிப்பார்கள். பிரசவம் பார்ப்பார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். நாய்க்கடிக்கு ஊசி உண்டு. பாம்புக்கடிக்கு மருந்து உண்டு.

சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண் எடுத்து நெற்றியில் இடுவது இந்த ஊர் வழக்கம். ஆடித்தபசுக்கு வரும் லட்சக் கணக்கானவர்களும் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். கும்பிடுவது மனதுக்குத் தைரியம். கும்பிடட்டும். ஆனால் பாம்பு கடித்துவிட்டால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். சாமி கண்ணைக் கொடுத்தது வழியைப் பார்த்து நடக்கத்தான்.

இது தர்மம் அல்ல

வயதானவர்கள் இன்றைக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியை "தர்மாஸ்பத்திரி" என்றுதான் சொல்லுகிறார்கள்.

அந்தப் பெயரில் ஒரு கூச்சம் ஒளிந்திருக்கிறது. தர்மம் வாங்கப் போவதா என்று சிலர் தயங்குகிறார்கள். கையில் நாலு காசு இருந்தால் தனியார் டாக்டரிடம் போவதே கௌரவம் என்று நினைக்கிறார்கள்.

இது தவறு. அது தர்மம் அல்ல. தீப்பெட்டி வாங்கினாலும் வரி. சோப்பு வாங்கினாலும் வரி. பஸ்சுக்கு ஊற்றும் டீசலிலும் வரி. அந்தப் பணத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி நடக்கிறது. டாக்டருக்குச் சம்பளமும் அதிலிருந்துதான். மாத்திரையின் விலையும் அதிலிருந்துதான். நோயாளி அங்கே பிச்சை வாங்கவில்லை, தன்னுடையதைத்தான் வாங்குகிறார்.

"சும்மா கொடுக்கிற மருந்து கேட்குமா?" என்று ஒரு சந்தேகமும் உண்டு.

தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க 1994-ல் ஒரு தனிக் கழகம் ஏற்படுத்தப்பட்டது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று அதற்குப் பெயர். மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. வாங்கிய மருந்தைச் சோதித்துப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். மற்ற மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. சும்மா கொடுப்பதால் மருந்து மட்டம் ஆகிவிடாது.

ஏன் போவதில்லை?

பிறகு ஏன் ஜனங்கள் தனியார் கிளினிக்குக்கு ஓடுகிறார்கள்? அறியாமை மட்டும்தான் காரணமா? இல்லை.

தறி ஓடினால்தான் கூலி. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மறுபடியும் மருந்துக்கு வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடுகிறது. கிளினிக் டாக்டர் மாலையில், வேலை விட்ட பிறகு இருக்கிறார். பத்து நிமிடத்தில் பார்த்து அனுப்புகிறார். முகம் தெரிந்தவர். "என்ன அண்ணாச்சி, எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அன்பான நர்சுகள் இருக்கிறார்கள். ஆனால் நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு ஒருவரிடம் நின்று பேச நேரம் ஏது? சில இடங்களில் கடுமையான பேச்சும் உண்டு. ஒரு தடவை சுடுசொல் கேட்ட தாய், மறு தடவை கடன் வாங்கியாவது தனியாரிடம் போய்விடுகிறாள்.

இதை மறைத்துப் பயன் இல்லை. கூலி இழப்பும், மரியாதைக் குறைவும் ஏழைக்கு ஒரு விலைதான். "இலவசம்" என்று போர்டு மாட்டினால் மட்டும் அது இலவசம் ஆகிவிடாது.

இந்தியாவில் 2021-22-ல் மருத்துவத்துக்கு ஆன மொத்தச் செலவில், 100 ரூபாய்க்கு 39 ரூபாய் ஜனங்களின் சட்டைப் பையிலிருந்து நேராகப் போயிற்று என்று மத்திய அரசாங்கக் கணக்கே சொல்லுகிறது. 2013-14-ல் இது 64 ரூபாயாக இருந்தது. குறைந்திருப்பது நல்லதுதான். ஆனால் 39 ரூபாயும் சிறிய தொகை அல்ல.

ஒரு மாத்திரையும் ஒரு இயந்திரமும்

இதில் ஒரு வேதனையான வேடிக்கை இருக்கிறது.

ஒருவருக்கு நாற்பது வயதில் ரத்தக் கொதிப்பு வருகிறது. அது வலிக்காது. காய்ச்சல்போல் படுக்க வைக்காது. ஆகவே அவருக்கே தெரியாது. தெரிந்தாலும் பத்து நாள் மாத்திரை சாப்பிட்டு, "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்.

பத்துப் பதினைந்து வருஷம் போகிறது. கொதிப்பு உள்ளேயே சிறுநீரகத்தை அரித்துவிடுகிறது. ஒரு நாள் கால் வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தென்காசிக்கோ, திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ பஸ் ஏற வேண்டும். தறி வேலை போயிற்று. குடும்பம் தள்ளாடுகிறது.

இப்போது காப்பீட்டு அட்டை செல்லும்! ஆயிரக் கணக்கில், லட்சக் கணக்கில் அரசாங்கம் பணம் கொடுக்கும்.

ஆனால் அன்றைக்கே தினம் ஒரு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால்? அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சின்ன ஆஸ்பத்திரி சரியாக வேலை செய்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் குறையும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

நோயாளி தன் ஊர் டாக்டரிடமே காப்பீட்டில் வைத்தியம் பார்க்க முடியாதா? முடியும். உலகில் பல நாடுகள் செய்து காட்டியிருக்கின்றன.

ஜெர்மனியில் 1883-லேயே தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1948-ம் ஆண்டு ஜூலை மாதம் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் பக்கத்தில் உள்ள ஒரு டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ளும். தலைவலி என்றாலும் அவரிடம்தான். பெரிய நோய் என்றால் அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுப்பார்.

பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான் இது முடியுமா? தாய்லாந்தைப் பாருங்கள். நெல் விளையும் நாடு. நம்மைப்போல் கிராமங்கள் நிறைந்த நாடு. 2002-க்குள் நாடு முழுவதும் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வட்டாரத்துச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். ஒரு தடவை போனால் 30 பாட், அதாவது அந்த நாட்டுப் பணத்தில் ஒரு சிறு தொகை கொடுத்தால் போதும். காய்ச்சலும் அதில் அடக்கம். ஆபரேஷனும் அதில் அடக்கம்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடு என்னும் இ.எஸ்.ஐ. அதற்கான சட்டம் 1948-ல் வந்தது. 1952-ம் ஆண்டு பிப்ரவரியில் கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் 1955-ல் கோவையில் ஆரம்பமாயிற்று. இதில் சேர்ந்த தொழிலாளி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால் காய்ச்சலுக்கும் மருந்து உண்டு. மனைவி மக்களுக்கும் உண்டு. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னால், விதிப்படி சம்பளத்தில் ஒரு பகுதியும் உண்டு. 2019 ஜூலையில் வைத்த கணக்குப்படி, 100 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டுவது 75 காசு. முதலாளி கட்டுவது 3 ரூபாய் 25 காசு.

ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் இந்தச் சட்டம் என்று இருந்தது. சங்கரன்கோவிலில் எத்தனையோ தறிக் கூடங்களில் நாலு பேரும் ஐந்து பேரும்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள்.

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்திலும், முதலாளியும் தொழிலாளர்களும் சம்மதித்தால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம். தறி முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. கூலி உயர்வுக்குப் பேசுவதுபோல் இதற்கும் பேச வேண்டும்.

கிளினிக்குக்கும் அட்டையா?

"பேசாமல் எல்லாத் தனியார் கிளினிக்கிலும் அட்டை செல்லும் என்று சட்டம் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசிக்க வேண்டும். பணம் அரசாங்கம் கொடுக்கிறது என்றால், தேவையில்லாத ஊசி ஒன்று கூடும். தேவையில்லாத பரிசோதனை ஒன்று கூடும். லட்சக் கணக்கான சின்னச் சின்னச் சீட்டுகளை யார் சரிபார்ப்பது? பணம் கரைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும்.

அதே பணத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுங்கள். இன்னொரு டாக்டர் வரட்டும். இன்னொரு நர்சு வரட்டும். அதுதான் மேல். கதவு ஏற்கெனவே இருக்கிறது. அதை அகலப்படுத்த வேண்டும். பக்கத்தில் புதுச் சுவரை இடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்துக்கு நாலு வேண்டுகோள்

ஒன்று: நெசவாளர் ஊர்களில் மாலை நேரத்தில் டாக்டர் இருக்க வேண்டும். வேலை விட்ட பிறகு போனாலும் மருந்து கிடைக்க வேண்டும்.

இரண்டு: காப்பீட்டு அட்டை கொடுக்கும்போதே, "இது பெரிய சிகிச்சைக்கு, காய்ச்சலுக்கு இன்ன இடத்துக்குப் போங்கள்" என்று ஊர்ப் பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்தில், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கும்படி எழுத வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சுகாதார நிலையம், அங்கே ஒரு டாக்டர் என்று பெயர் பதிந்து வைக்க வேண்டும். டாக்டருக்கு நோயாளியின் முகம் தெரிந்தால் பாதி நோய் அங்கேயே தீரும்.

நாலு: மரியாதை. இதற்குப் பணம் செலவில்லை. "உட்காருங்கம்மா" என்ற ஒரு சொல் போதும்.

வீட்டில் என்ன செய்வது?

அரசாங்கம் செய்யட்டும். அதுவரை குடும்பத்தார் சும்மா இருக்கலாமா? கூடாது.

அட்டை இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு தென்காசி கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் கேளுங்கள். அட்டைக்குக் காசு இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் பணத்துக்கு ஓடாதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் 1800 425 3993 என்ற எண்ணுக்குப் போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது, இந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லுமா என்று கேளுங்கள். போனுக்குக் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் சேரும்போதே அட்டையைக் காட்டுங்கள். பணம் கட்டிய பிறகு காட்டினால் தொல்லை.

வீட்டில் முப்பது வயது தாண்டியவர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாத்திரைச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அட்டையோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை டாக்டருக்கு அது விளக்குப்போல் உதவும்.

மறுபடியும் அந்தத் தாயிடம் வருவோம். பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால், அவள் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. அட்டை உள்ளேயே இருக்கட்டும். அது வெளியே வரவேண்டிய நாள் வராமலே போகட்டும்!

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். அவள் போகும் நேரத்தில் அங்கே விளக்கு எரிய வேண்டும். டாக்டர் இருக்க வேண்டும்.

முதலாவது, அவள் கையில் இருக்கிறது. இரண்டாவது, ஆட்சியில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது.